மணியும் பொடியும்: வெயில் காப்புப் பூச்சுக்கு இரண்டு திட அமிலங்கள்

ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் சென்னைப் புறநகர் வீடுகள் பலவற்றில் மோட்டாருக்குப் பக்கத்தில் ஓர் உருளை நிற்கிறது. கடின நீரை மென்னீராக்கும் சாப்ட்னர். உள்ளே கடுகைவிடச் சிறிய, தேன் நிற மணிகள். தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விட்டுக்கொடுக்கின்றன. பிடிக்க இடமில்லாமல் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவுகிறோம். மணிகள் மறுபடி வேலைக்கு வந்துவிடுகின்றன. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் சல்ஃபோனிக் தொகுதிகளைப் பிணைத்துச் செய்தவை இவை. சோடியம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் அயனியை உட்கார வைத்தால் அதே மணி வலுவான அமிலமாகிவிடும். வடிகட்டியில் தங்கி நிற்கும் அமிலம்.

இன்னொன்று மணலிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்கான் ஒன்று. சிர்கானிலிருந்து கிடைக்கும் சிர்கோனியா என்ற வெள்ளை ஆக்சைடைப் பல் மருத்துவரிடம் உறை போட்டுக்கொண்டவர்கள் அறிவார்கள். சுடாத நிலையில் இருக்கும் அதன் முன்வடிவத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்துச் சூளையில் சுட்டால் அதுவும் திட அமிலமாகிறது, பொடி வடிவில். அதே மணலின் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டைஆக்சைடு செய்யலாம். அது தானே ஒரு வெயில் காப்புப் பொருள். இங்கே நான் பேச வருவது அதைப் பற்றியல்ல, பூச்சுகளில் சேரும் கரிமச் சேர்மங்களைத் தயாரிக்கும் அமிலங்களைப் பற்றி.

மணியையும் பொடியையும் ஒப்பிட இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தாக வேண்டும். நான் தேர்ந்தெடுத்திருப்பது 2-எத்தில்ஹெக்ஸைல் சாலிசிலேட். சன்ஸ்கிரீன் குழாயின் பின்பக்கத்தில் ஆக்டிசலேட் என்று அச்சிட்டிருப்பார்கள். இதைவிடப் பரவலாக அறியப்பட்டது ஆக்டினாக்ஸேட். ஆனால் பவளத் திட்டுகளுக்குக் கேடு என்ற கவலையால் 2018-இல் ஹவாய் மாநிலம் சட்டம் இயற்றி, 2021 ஜனவரி 1 முதல் ஆக்டினாக்ஸேட்டும் ஆக்ஸிபென்சோனும் சேர்ந்த பூச்சுகளின் விற்பனையைத் தடுத்துவிட்டது. விற்பனையே கேள்விக்குள்ளாகியிருக்கும் பொருளை எப்படித் தூய்மையாகச் செய்வது என்று விவாதிப்பதில் எனக்கு மனம் செல்லவில்லை.

சாலிசிலேட்டுகள் இந்தத் துறையில் பழையவை. 1928-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் சன்ஸ்கிரீனில் பென்சைல் சாலிசிலேட் இருந்தது. நீலகிரியில் காய்ச்சி இறக்கும் விண்டர்கிரீன் எண்ணெயும், மூட்டுவலித் தைலங்களின் மணமும் இந்தக் குடும்பத்தின் மெத்தில் சாலிசிலேட்தான். ஆக்டிசலேட் அதன் எண்ணெய்ப் பசையுள்ள பெரிய உறவு. 305 நானோமீட்டரை ஒட்டிய புறஊதா பி கதிரை உறிஞ்சும். தனியாக நின்றால் வலுவான காப்பு இல்லை. ஆனால் அவோபென்சோன் போன்ற வெயில் காப்புப் படிகங்களைக் கரைத்து வைத்துக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு. அமெரிக்காவில் நூற்றுக்கு 5 பங்கு வரை சேர்க்கலாம்.

செய்முறை பள்ளிப் பாடம். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டரும் நீரும். 1862-இல் பெர்த்தலோவும் பெயான் த சாங்-ஜீலும் அசெட்டிக் அமிலத்தையும் எத்தில் ஆல்கஹாலையும் சம மோல் அளவில் கலந்துவிட்டுக் காத்திருந்து, மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் வினை நின்றுவிடுவதைக் கண்டார்கள். உண்மையில் அது நிற்பதில்லை. எஸ்டர் உருவாகும் வேகமும் நீரால் உடையும் வேகமும் சமமாகிவிடுகின்றன. 1895-இல் எமில் ஃபிஷரும் ஆர்தர் ஸ்பையரும் சிறிதளவு வலுவான அமிலம் போட்டாலே இந்தச் சமநிலைக்கு விரைவாகப் போய்விடலாம் என்று காட்டினார்கள். அமிலம் வேகத்தைத் தரும். விளைச்சலைக் கூட்ட வேண்டுமென்றால் உருவாகும் நீரை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். எவ்வளவு நீர்? ஒரு டன் ஆக்டிசலேட்டுக்குச் சுமார் 552 கிலோ சாலிசிலிக் அமிலமும் 520 கிலோ 2-எத்தில்ஹெக்ஸனாலும் தேவை. பிறக்கும் நீர் 72 கிலோ. இந்த 72 கிலோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மணியின் கதையிலும் பொடியின் கதையிலும் அது திரும்ப வரும்.

பழைய வழி, கந்தக அமிலத்தைக் கலனில் ஊற்றுவது. மலிவு, வேகம், எங்கும் கிடைக்கும். சாலிசிலிக் அமிலத்தின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம்: 11 கிலோ. வேலை முடிந்ததும் அதைச் சோடியம் கார்பனேட்டால் நடுநிலையாக்கினால் 16 கிலோ சோடியம் சல்ஃபேட் வரும். ஒரு டன் சரக்குக்கு 16 கிலோ உப்பு பெரிதா என்று கேட்கலாம். எடையாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் அது நீரில் கரைந்து வருகிறது. வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். இந்த 16 கிலோ 7600 லிட்டர் நீரை அந்த வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடும். நல்ல நீரைக் கலந்து வரம்புக்குள் வந்தேன் என்று சொல்வது நேர்மையாகாது. ஆவியாக்கி உப்பைப் பிரிக்க எவ்வளவு விறகும் கரியும் ஆகும் என்பதைத் திருப்பூர்ச் சாய ஆலைகள் பட்டு அறிந்திருக்கின்றன.

கந்தக அமிலத்தின் மற்றொரு தொல்லை நிறம். சூட்டில் அது சாலிசிலிக் அமிலத்தின் வளையத்திலேயே கை வைத்து சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தை உண்டாக்கும், ஆல்கஹாலிலிருந்து நீரைப் பிடுங்கி ஆல்கீனாக்கும், கலவை பழுப்பேறும். எஃகுக் கலனை அரித்து இரும்பை இறக்கினால் அதைவிட மோசம். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் ஃபீனாலுக்கு ஃபெர்ரிக் குளோரைடு விட்டு ஊதா நிறம் பார்த்திருப்போம். சாலிசிலேட்டுக்கும் அதே குணம். முகத்தில் பூசும் பொருளுக்கு இளஞ்சிவப்புச் சாயல் வந்துவிட்டால் அந்தக் கொதிப்பு முழுவதையும் மறுபடி காய்ச்சி வடிக்க வேண்டும். திட அமிலம் தேடிப் போனதற்கு உப்பைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

மணியும் பொடியும் கந்தக அமிலத்தின் பிள்ளைகள்தாம். ஒன்று அதைப் பிளாஸ்டிக்கில் கட்டியது, மற்றது கல்லில் கட்டியது. மணிக்கு எடுத்துக்காட்டாக அம்பர்லிஸ்ட்-15-ஐ எடுத்துக்கொள்கிறேன். ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1960-களில் கொண்டுவந்த ரெசின் இது. சாப்ட்னர் மணிக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு உடலமைப்பு. சாப்ட்னர் மணி ஜெல். நீரில் ஊதினால்தான் உள்ளே வழி திறக்கும். அம்பர்லிஸ்ட் மணிக்குள் ஏறத்தாழ 30 நானோமீட்டர் அகலமுள்ள நிரந்தரத் துளைகள் உண்டு. ஊதாத நிலையிலும் எண்ணெய் போன்ற மூலக்கூறுகள் உள்ளே போய் வரலாம். ஒரு கிராமில் 4.7 மில்லிமோல் அமில இடங்கள். நம் நாட்டில் அயன் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் இண்டியான் என்றும், தெர்மாக்ஸ் டுல்சியான் என்றும் இவ்வகை ரெசின்களைச் செய்கின்றன.

பொடியைப் பரவலாக அறியச் செய்தவர்கள் ஜப்பானில் ஹகோடாட்டேயைச் சேர்ந்த ஹினோவும் அராட்டாவும். 1970-களின் முடிவில் அவர்கள் சல்ஃபேட் ஏற்றிய சிர்கோனியாவைக் கொண்டு அறை வெப்பத்திலேயே பியூட்டேனின் வடிவத்தை மாற்றிக் காட்டினார்கள். சாதாரண அமிலங்களால் ஆகாத வேலை. நூறு சதவீதக் கந்தக அமிலத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமை என்று அப்போது மதிப்பிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த அளவீட்டு முறையையே கேள்வி கேட்டு, அவ்வளவெல்லாம் இல்லை என்று வாதிட்டார்கள். செய்முறை எளிது: சிர்கோனியம் ஆக்சிகுளோரைடு கரைசலில் அம்மோனியா விட்டு வீழ்படிவாக்கி, குளோரைடு போகக் கழுவி, உலர்த்தி, கந்தக அமிலத்தில் ஊறவைத்து, 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட வேண்டும். மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜி.டி. யாதவ் குழு குளோரோசல்ஃபோனிக் அமிலத்தைக் கொண்டு வழக்கத்தைவிட அதிகக் கந்தகத்தை ஏற்றி, யுடிகேட் வரிசை என்று பெயரிட்ட வினையூக்கிகளை உருவாக்கியது.

அமில இடங்களின் எண்ணிக்கையில் மணி எங்கோ இருக்கிறது. நூற்றுக்கு 2 பங்கு கந்தகம் ஏறிய சிர்கோனியாவில், ஒவ்வொரு கந்தக அணுவும் ஓர் அமில இடம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் கிராமுக்கு 0.6 மில்லிமோல்தான். மேலே சொன்ன 11 கிலோ கந்தக அமிலம் தரும் முதல் புரோட்டான்களுக்கு ஈடாக மணி 24 கிலோ போதும். பொடி 187 கிலோ வேண்டும். வலிமையில் பொடி முந்துகிறது என்பதால் இந்தக் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது. ஆனால் எஸ்டராக்கத்துக்கு அவ்வளவு வலிமை எதற்கு? சாலிசிலிக் அமிலத்தின் கார்பனைலைத் தட்டி எழுப்ப சல்ஃபோனிக் அமிலத்தின் வலிமையே போதும். அதற்கு மேற்பட்ட வலிமை ஆல்கஹாலின் பக்கம் திரும்பி எத்தில்ஹெக்ஸீனையும் ஈதரையும் உண்டாக்கி, அவை கூடிக்கூடிப் பிசினாகப் பொடியின் மேல் படிய வழி செய்கிறது. வலிமை மிக்க வினையூக்கி என்று ஆய்வுக் கட்டுரைகள் பெருமையோடு எழுதும்போதெல்லாம், எந்த வினைக்கு என்ற கேள்வி என் மனத்தில் எழும்.

துளை அளவால் தோற்றவர்கள், இன்னொரு திட அமில வகையான சீயோலைட்டுகள். பெட்ரோலியத் துறையில் அரசாளும் இசட்எஸ்எம்-5-இன் வாசல் 0.55 நானோமீட்டர், ஆக்டிசலேட் அதில் தாராளமாக நடமாட முடியாது. அதனால்தான் அவற்றை இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

எண்ணிக்கையையும் வலிமையையும் விட முக்கியமான வேறுபாடு சூட்டில் இருக்கிறது. சாலிசிலிக் அமிலம் எளிதில் எஸ்டராகும் அமிலமல்ல. பக்கத்திலேயே நிற்கும் ஹைட்ராக்ஸில் தொகுதி கார்பாக்ஸிலோடு ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்து நிற்கிறது. ஆல்கஹால் நெருங்கும் வழியையும் மறைக்கிறது. 2-எத்தில்ஹெக்ஸனாலும் கிளை விட்ட பருத்த மூலக்கூறு. இந்த மந்தத்தை உடைக்கச் சூடு கூட்டுவதே இயல்பான வழி. ஆல்கஹால் 184 டிகிரியில்தான் கொதிக்கிறது என்பதால் 150 டிகிரிக்கு மேல் போகவும் தடையில்லை. 120 டிகிரியிலிருந்து 150-க்குப் போனால், இவ்வகை வினைகளுக்கு வழக்கமான மோலுக்கு 60 கிலோஜூல் அளவுள்ள ஊக்க ஆற்றலை வைத்துக் கணக்கிட்டால், வேகம் மூன்றரை மடங்குக்கு மேல் கூடும். ஆனால் அம்பர்லிஸ்ட்-15-க்கு அதன் தயாரிப்பாளர்களே விதித்திருக்கும் வெப்ப வரம்பு 120 டிகிரி. பொடி 600 டிகிரியில் பிறந்தது. 150 டிகிரி அதற்கு வெயிலில் காய்வது போல.

வரம்பைத் தாண்டினால் மணி உருகி வழியாது. உருவம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் கறுக்கும். உள்ளே பென்சீன் வளையத்தில் ஒட்டியிருக்கும் சல்ஃபோனிக் தொகுதி நீரோடு சேர்ந்து கழன்றுவிடும். கழன்றது எங்கே போகிறது? கந்தக அமிலமாகக் கலவைக்குள் போகிறது. எதைத் தவிர்க்க மணியைப் போட்டோமோ அதுவே கலனுக்குள் வந்துவிடுகிறது. வினை தொடர்ந்து நடக்கும். விளைச்சல் நன்றாகவே வரும். மணி அருமையாக வேலை செய்கிறது என்று எழுதிவிடலாம். உண்மையில் வேலை செய்தது கரைந்து போன அமிலம்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. வினை பாதியில் இருக்கும்போது, ஆறவிடாமல், சூடாகவே மணிகளை வடிகட்டி எடுத்துவிட வேண்டும். எஞ்சிய தெளிந்த திரவத்தை அதே சூட்டில் வைத்திருந்து, மாற்றம் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் வினையூக்கி திடம்தான். தொடர்ந்தால் கரைந்தது ஏதோ உள்ளே இருக்கிறது. ஆறவிட்டு வடிகட்டினால், கரைந்தது மறுபடி திடத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றக்கூடும். அதனால்தான் சூடாகவே என்று வலியுறுத்துகிறார்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாத கட்டுரை எத்தனை மறுபயன்பாட்டுச் சுற்றுகளைக் காட்டினாலும் என்னால் நம்ப முடிவதில்லை.

பொடியும் இந்தச் சோதனையிலிருந்து தப்ப முடியாது. அதன் எதிரி நீர். சிர்கோனியாவின் மேற்பரப்பில் சல்ஃபேட் ஒட்டியிருக்கும் பிணைப்பை நீர் மெதுவாக உடைக்கிறது. கழன்ற சல்ஃபேட் கந்தக அமிலமாகிறது. மெத்தனால் போன்ற சிறிய ஆல்கஹால்களும் அதைக் கழற்றும். எஸ்டராக்கமோ நீரைப் பெற்றெடுக்கும் வினை. நம் 72 கிலோ நீர் இங்கேதான் திரும்ப வருகிறது. மணிக்கும் நீர் பிடிக்காது. ஆனால் பிடிக்காத விதம் வேறு. மணியின் அமில இடங்களை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு அவற்றின் வலிமையை மட்டுப்படுத்தும். நீரை ஓட்டிவிட்டால் வலிமை திரும்பிவிடும். பொடியிலிருந்து நீர் கொண்டு போனது திரும்பாது.

அப்படியானால் பொடியைக் கைவிட்டுவிடலாமா? ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் கிஸ், டிமியான், ரோத்தன்பெர்க் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. பயோடீசலுக்காகச் செய்த ஆய்வு என்றாலும், அவர்கள் லாரிக் அமிலத்தோடு வினைப்படுத்திய ஆல்கஹால்களில் நம் 2-எத்தில்ஹெக்ஸனாலும் ஒன்று. வெப்பம் 130 முதல் 180 டிகிரி வரை. ரெசின்கள், சீயோலைட்டுகள், சல்ஃபேட் ஏற்றிய சிர்கோனியா ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ரெசின் வேகமாக வேலை செய்தாலும் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை; சீயோலைட்டுகளின் துளைகள் போதவில்லை; சிர்கோனியா நின்றது. நீர் மிகுந்த கலவையில் அதன் சல்ஃபேட் கழன்றுவிடும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. எண்ணெய்ப் பசையுள்ள கலவையில் நீர் தங்காமல் ஓடிவிடும் என்பதே அது நின்றதன் காரணம். 150 டிகிரியில் 2-எத்தில்ஹெக்ஸனாலோடு ஆவியாகி மேலே வரும் நீர், குளிர்ந்ததும் தனி அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. ஆல்கஹாலை மட்டும் கலனுக்குத் திருப்பி அனுப்பலாம். சாலிசிலிக் அமிலமும் ஆக்டிசலேட்டும் லாரிக் அமிலம் அல்ல. வினைவேகம் வேறாகவே இருக்கும். ஆனால் ஆல்கஹாலும் சூடும் நீர் வெளியேறும் விதமும் ஒன்றே என்பதால், பொடிக்குச் சாதகமான சான்றாக இதை எடுத்துக்கொள்கிறேன்.

சோடியத்தை மறந்துவிடக் கூடாது. சாலிசிலிக் அமிலத்தைச் சோடியம் ஃபீனாக்சைடோடு கார்பன் டைஆக்சைடு சேர்த்துச் செய்கிறார்கள். சரியாகக் கழுவாத சரக்கில் கொஞ்சம் சோடியம் தங்கியிருக்கும். மணிக்கு அது சாப்ட்னரில் பழகிய வேலை. சோடியத்தைக் கண்டதும் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும். ஒவ்வொரு கொதிப்பிலும் சில அமில இடங்கள் இப்படி அடைபட்டுப் போகும். கலனிலிருந்து வரும் இரும்பு இன்னும் இறுகப் பற்றும். வேகம் குறையும்போது சூடு கெடுத்ததா, சோடியம் அடைத்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. மணிகளை எடுத்துக் காரத்தோடு முறித்தறிந்து, பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி மறுபடி முறித்தறிந்தால் தெரிந்துவிடும். கழுவிய பின் பழைய 4.7 திரும்பினால் அடைபட்டிருந்தது, திரும்பாவிட்டால் கழன்றுவிட்டது.

இனி மறுபயன்பாடு என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தத் துறைக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஐந்து தூண்கள் கொண்ட ஒரு வரைபடம் இருக்கும்: முதல் சுற்று 98 சதவீதம், ஐந்தாம் சுற்று 96 சதவீதம். வினையூக்கி கெடவில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினை முதல்நிலை விதிப்படி நடப்பதாகவும், நீர் முழுதும் வெளியேறுவதாகவும் கொள்வோம். தேவைக்கு மிக அதிகமாக நேரம் கொடுத்து முதல் சுற்றில் 99.9 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கிறது. இப்போது வினையூக்கி சரிபாதி செத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் எவ்வளவு மாறும்? 98 சதவீதம். பாதி உயிர் போய்விட்டது, தூண் இரண்டு சதவீதம்தான் இறங்கியிருக்கிறது. அதே இரண்டு சுற்றுகளையும் முதல் சுற்றில் 40 சதவீதம் மாறும் நேரத்திலேயே நிறுத்தி அளந்திருந்தால், இரண்டாவது சுமார் 22.5 சதவீதத்தைத்தான் காட்டியிருக்கும். கெட்டுப்போவதை மறைக்க வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்வதில்லை. நல்ல விளைச்சலைக் காட்டும் ஆவலில் நேரத்தை நீட்டுகிறார்கள், அந்த நீட்டல் கெடுதலை மூடிவிடுகிறது. மணிக்கும் பொடிக்கும் ஒப்பீடு செய்கிறவர்கள் தொடக்க வேகத்தையாவது சுற்றுக்குச் சுற்று அளக்க வேண்டும். ஐந்து தூண்களை வைத்து நான் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எத்தனை முறை என்பதைவிட, எப்படிச் சாகிறது, எதைக் கொண்டு எழுப்பலாம் என்று கேட்டால் படம் தெளிகிறது. சோடியம் அடைத்த மணியை எழுப்ப நீர்த்த அமிலமும் கழுவுவதற்கு நீரும் போதும். எந்தச் சிறு தொழிற்சாலையிலும் செய்யலாம். பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். ஈர மணி தன் எடையில் பாதியளவு நீரைச் சுமந்துகொண்டு கலனுக்குள் போகும். கழுவிய நீரும் அமிலமும் உப்பும் கலந்த கழிவுதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல கொதிப்புகளுக்கு ஒரு முறை என்றால் கந்தக அமில வழியைவிடக் குறைவாகவே வரும். ஒவ்வொரு கொதிப்புக்கும் கழுவ வேண்டியிருந்தால் திட அமிலத்தால் நாம் எதையும் மிச்சப்படுத்தவில்லை. ஆகவே தூய சாலிசிலிக் அமிலம் வாங்குவது மணியின் ஆயுளை நீட்டும் முதல் வழி. சூட்டில் சல்ஃபோனிக் தொகுதியை இழந்த மணியையோ எதைக் கொண்டும் எழுப்ப முடியாது.

பொடியின் நிலை நேர்மாறு. அதன் மேல் படிந்த பிசினை 450, 500 டிகிரியில் காற்றில் எரித்துவிடலாம். பொடி வெள்ளை வெளேரென்று திரும்பி வரும். மணியை அப்படி எரித்தால் சாம்பல்கூட மிஞ்சாது. ஆனால் அந்தச் சூட்டுக்கு உலை வேண்டும், கட்டுப்பாடு வேண்டும். 650 டிகிரியைத் தாண்டினால் சல்ஃபேட்டும் சேர்ந்து பறந்துவிடும். வெண்மையைப் பார்த்து ஏமாறவும் கூடாது. பிசின் போனதைத்தான் நிறம் சொல்லும், சல்ஃபேட் போனதைச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் கந்தகத்தின் அளவைச் சோதித்தறிய வேண்டும்.

உருவத்திலும் மணிக்கு வசதி. அரை மில்லிமீட்டரை ஒட்டிய உருண்டைகள் கம்பி வலையிலேயே நின்றுவிடும். நெடுந்தூணில் நிரப்பி, கலவையை மேலிருந்து கீழே ஓட விடலாம். கலக்கும் துடுப்பு மட்டும் பகை, மணிகளை உடைத்து மாவாக்கிவிடும். பொடியோ வடிதுணியை அடைக்கும், அல்லது நுண்துகளாக எண்ணெயோடு போய்விடும். மாத்திரையாக அழுத்தினால் உள்ளிருக்கும் இடங்கள் வீணாகின்றன. வாகனப் புகைக் குழாயில் இருப்பது போன்ற தேன்கூட்டுப் பீங்கானில் சிர்கோனியாவை மெல்லிய படலமாகப் பூசும் முயற்சிகள் நடக்கின்றன. பொடியின் எதிர்காலம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: கலவை தடையின்றி ஓடும், வடிகட்டும் வேலை இல்லை, பீங்கானை அப்படியே உலைக்குள் வைத்து எரிக்கலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால், ஆக்டிசலேட்டை 150 டிகிரியில், பெருங்கலனில், நீரை விடாமல் பிரித்துக்கொண்டே செய்யும் ஆலைக்குப் பொடிதான். அந்தச் சூட்டில் மணியைப் போடுவது கந்தக அமிலத்தைத் தவணை முறையில் ஊற்றுவதற்குச் சமம். குளோரின் போன்ற ஹாலஜன் ஏற்றிச் செய்த அம்பர்லிஸ்ட்-70 போன்ற ரெசின்கள் 190 டிகிரி வரை தாங்கும். ஆனால் அவற்றில் அமில இடங்கள் கிராமுக்கு 2.55 மில்லிமோல்தான், ஏறத்தாழப் பாதி. சூடு தாங்கும் திறனை எண்ணிக்கையை விற்று வாங்கியிருக்கிறார்கள். அது நியாயமான விலை என்றே சொல்வேன். பொடிக்கு உண்மையான போட்டி அந்த மணிதான்.

உலை வைக்க வசதியில்லாத, ஆளெண்ணிக்கை குறைந்த சிறிய ஆலைக்கு நான் மணியைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அழுத்தத்தைக் குறைத்து, 110 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே நீரை ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். வினை மெதுவாகத்தான் நடக்கும். எட்டு மணி நேரத்தில் முடிவது ஒரு முழு நாளைக் கேட்கலாம். ஆனால் 2-எத்தில்ஹெக்ஸனால் ஆல்கீனாக மாறுவது குறையும், எண்ணெய் நிறமில்லாமல் வரும், கடைசியில் காய்ச்சி வடிக்கும் சுமை இறங்கும். இழந்த நேரத்தில் ஒரு பகுதி அங்கே திரும்பக் கிடைக்கிறது. வெப்பமானி பழுதாகி ஓர் இரவு 140 டிகிரிக்குப் போய்விட்டால் அந்த மணித் தொகுதியை மாற்றிவிட வேண்டும்; விளைச்சல் குறையவில்லையே என்று தொடரக் கூடாது.

இரண்டும் ஒருநாள் முற்றாக ஓய்ந்துவிடும். மணியின் கடைசி இடம் எரியுலை. எரியும்போது அதிலிருந்து கந்தக டைஆக்சைடு வரும், அதைக் காரக் கரைசலில் பிடிக்க வேண்டும். சல்ஃபேட் இழந்த சிர்கோனியாவை மறுபடி நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்து, உலர்த்தி, 600 டிகிரிச் சூளைக்குள் அனுப்பலாம். சுடச்சுட அதன் துளைகள் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பு சுருங்கும். முதல் முறை ஏறிய அளவு கந்தகம் அடுத்த முறை ஏறாது. சுட்ட பொடியை எடுத்து நிறுத்து, அதில் எஞ்சிய கந்தகத்தை அளந்து, நூற்றுக்கு எத்தனை பங்கு என்று குறித்துவைத்த பிறகே அடுத்த கொதிப்பில் போட வேண்டும்.